எட்டு மில்லிமீட்டரும் ஒரு மில்லிமீட்டரும்: வீட்டில் கட்டிய காரில் ஹைட்ராலிக் கிளட்ச்

பெடலை அமுக்கிக்கொண்டிருந்தது என் மகள். நான் காருக்கு அடியில் படுத்து, காற்றை வெளியேற்றும் நிப்பிளில் மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயில் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அமுக்கு… பிடி… விடு." பத்து முறை நல்லபடியாகப் போனது. குமிழி குறைந்துகொண்டே வந்தது. பெடல் கெட்டியாகி வருகிறது என்று அவளே சொன்னாள். பதினோராவது முறை, "அப்பா, ஏதோ டப்புன்னுச்சு. பெடல் கீழே போய் நின்னுடுச்சு" என்றாள். கொஞ்ச நேரத்தில், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து பிரேக் ஆயில் சொட்ட ஆரம்பித்தது.

அந்தச் சொட்டுக்குக் காரணம் நான் தவறவிட்ட 8 மில்லிமீட்டர். மூன்று மாதம் கழித்து நடுரோட்டில் கிளட்ச் வழுக்கியதற்குக் காரணம் 1 மில்லிமீட்டர். பொருள்களில் குறை எதுவும் இல்லை. பொருத்தியவன் எடுத்த அளவில்தான் குறை. அதனால் இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை எண்களோடு எழுதுகிறேன். கேபிள் கிளட்சை, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக்காக மாற்ற நினைக்கும் யாருக்கும் இந்த எண்கள்தான் முதலில் தேவைப்படும்.

கார்

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், கவன்ட்ரியில். கார் 'செவன்' வகை. கதவு இல்லாத, நீளமான மூக்கு வைத்த, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன கார். இதன் மூலம் 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். அந்தக் காலத்தில் பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. கிட் கார்கள் இங்கே செழித்ததற்கு அந்த வரி ஒரு பெரிய காரணம். 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததோடு அந்தச் சலுகை போயிற்று. செவன் காரை உருவாக்கும் உரிமையும் அதே ஆண்டில் கேட்டர்ஹாம் கம்பெனியின் கைக்குப் போனது. சலுகை போனாலும் கையால் கார் கட்டும் பழக்கம் போகவில்லை.

என்னுடையதில் பற்றவைத்த சட்டகமும் மேல் தகடுகளும் புதிதாக வாங்கியவை. மற்றதெல்லாம் பழைய ஃபோர்ட் சியராவிலிருந்து எடுத்தது: 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், டைப் 9 என்கிற ஐந்து கியர் பெட்டி, பின் டிஃபரன்ஷியல். சியரா 1982 முதல் 1993 வரை ஓடிய வண்டி. பின் சக்கர இயக்கம் என்பதால் பல ஆண்டுகளாகக் கிட் கார்க்காரர்களுக்கு அதுதான் காமதேனு.

அந்த சியராவில் கிளட்ச் கேபிள்தான். கேபிளில் குறை சொல்ல எதுவும் இல்லை, அது தன் சொந்த வண்டியில் இருக்கும்வரை. சியராவின் பெடலில் பல்சக்கரம் போன்ற ஒரு அமைப்பு உண்டு. கேபிள் நீள நீள, அதுவே தளர்ச்சியை எடுத்துக்கொள்ளும். செவன் காரின் குறுகலான பெடல் பெட்டிக்குள் அதற்கு இடமில்லை. அப்புறம், கேபிள் பெரிய வளைவில் போக வேண்டும். இங்கே பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் தூரம் கொஞ்சம். அதற்குள் சட்டகக் குழாயைச் சுற்றி கேபிள் ஒடிந்தாற்போல் திரும்பியது. மூன்று வாரம் அப்படியே வைத்துப் பார்த்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. கேபிளைக் கழற்றியபோது, வளைவின் உள்பக்கம் இரண்டு இழைகள் அறுந்திருந்தன.

வெளியே வைப்பதா, உள்ளே வைப்பதா

ஹைட்ராலிக்கில் இரண்டு சிலிண்டர்கள்: பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர், கிளட்ச் பக்கம் அந்த ஆயிலால் நகரும் கீழ்ச் சிலிண்டர், அதாவது ஸ்லேவ். ஹைட்ராலிக் என்று முடிவானதும் அடுத்த கேள்வி, கீழ்ச் சிலிண்டரை எங்கே வைப்பது என்பது.

முதல் வழி, கிளட்சை விடுவிக்கும் நெம்பான பழைய ரிலீஸ் ஃபோர்க்கை வைத்துக்கொண்டு, பெல் ஹவுசிங்குக்கு வெளியே ஸ்லேவ் சிலிண்டரைப் பொருத்துவது. கெட்டுப்போனால் படுத்தபடியே கழற்றி மாட்டலாம், அது பெரிய வசதி. ஆனால் டைப் 9-இல் கேபிள் ஃபோர்க்கை முன்னால் இழுக்கிறது. சாதாரண சிலிண்டர் தள்ளும், இழுக்காது. அப்படியென்றால் அது ஃபோர்க்குக்குப் பின்னால் உட்கார்ந்து முன்னால் தள்ள வேண்டும். செவன் காரில் அந்த இடத்தில் கியர்பாக்ஸ் சுரங்கத்தின் பக்கத் தகடு இருக்கிறது. அட்டையில் ஒரு போலிச் சிலிண்டர் வெட்டி வைத்துப் பார்த்தேன், 15 மி.மீ. இடம் போதவில்லை. சுரங்கத்தை அறுத்து அகலப்படுத்தினால் ஓட்டுபவரின் தொடை இடிக்கும்.

இரண்டாவது வழி, கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி மோதிரம் போல உட்காரும் சிலிண்டர். ஃபோர்க் கிடையாது, நெம்பு கிடையாது. சிலிண்டரின் முகத்திலேயே ரிலீஸ் பேரிங் இருக்கும். ஆயில் தள்ளினால் பேரிங் நேராக முன்னால் போய், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடித்திருக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அமுக்கும்; பிளேட் விடுபடும். உள்ளே ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் பேரிங்கை எப்போதும் விரல்களைத் தொட்டபடி வைத்திருப்பதால், பிளேட் தேயத் தேய அது தானாகவே சரிசெய்துகொள்ளும். இதன் ஒரே குறை பெரிய குறை: சீல் போனால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். செவன் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்துதான் வெளியே வரும். ஒரு முழு வாரக் கடைசி போய்விடும்.

இடம் இல்லாததால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். கியர்பாக்ஸின் பழைய முன் மூடியை எடுத்துவிட்டு ஓர் அடாப்டர், அதன் மேல் சிலிண்டர். இன்புட் ஷாஃப்ட்டின் ஆயில் சீலும் அந்த அடாப்டருக்குள்தான்.

கணக்கு

மாஸ்டர் சிலிண்டர் எந்த அளவு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கேட்க வேண்டியதே இல்லை, பள்ளிக்கூடக் கணக்கு போதும். ஒருமுறை உட்கார்ந்து போட்டுவிட்டால் ஆயுளுக்கும் குழப்பம் இருக்காது.

பெடலின் அச்சிலிருந்து பாதம் வைக்கும் இடம் 300 மி.மீ., புஷ் ராடு மாட்டும் இடம் 60 மி.மீ. ஆக 5-க்கு 1. பாதம் 140 மி.மீ. போனால் ராடு 28 மி.மீ. போகும். இதில் ஃப்ரீ ப்ளே, அதாவது பிஸ்டனைத் தொடும் முன் ராடு சும்மா போகும் தூரம், 1 மி.மீ.; மாஸ்டரின் சீல் தொட்டிக்குப் போகும் துளையைத் தாண்ட இன்னொரு 1 மி.மீ. கழித்துவிட்டால், ஆயிலைத் தள்ளும் நீளம் 26 மி.மீ.

கீழே இருக்கும் மோதிரச் சிலிண்டரின் உள்விட்டம் 38, வெளிவிட்டம் 48 மி.மீ. இரண்டு வட்டங்களின் பரப்பைக் கழித்தால் சுமார் 675 சதுர மி.மீ. என் கிளட்ச் சுத்தமாக விடுபட பேரிங் 8 மி.மீ. நகர வேண்டும். 675-ஐ 8-ஆல் பெருக்கினால் 5,400 கன மி.மீ., அதாவது 5.4 மி.லி. ஆயில். மொத்தக் கணக்கின் மையம் இந்த 5.4 மி.லி.தான்.

கடையில் கிடைப்பவை மூன்று: 5/8 இன்ச், 0.7 இன்ச், 3/4 இன்ச். 5/8 இன்ச்சின் பரப்பு 198 சதுர மி.மீ.; 26 மி.மீ. போனால் 5.1 மி.லி. தரும், பேரிங் 7.6 மி.மீ.தான் நகரும். ஹோஸ் வீங்குவதிலும் தகடு வளைவதிலும் போவதைக் கழித்தால் இன்னும் குறையும். கிளட்ச் முழுதாக விடுபடாமல், முதல் கியரும் ரிவர்ஸும் கர் என்று கத்தும். 0.7 இன்ச்சின் பரப்பு 248, 6.4 மி.லி.; பேரிங் 9.5 மி.மீ. 3/4 இன்ச்சில் 285, 7.4 மி.லி.; பேரிங் 11 மி.மீ. இது அதிகம். விரல்களை அளவுக்கு மேல் அமுக்கினால் டயாஃப்ரம் பாழாகும்.

பாதத்தில் எவ்வளவு எடை தெரியும் என்பதையும் அதே தாளில் போட்டுவிடலாம். விரல்களை அமுக்கப் பேரிங்குக்கு 120 கிலோ எடை அளவு விசை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பாதத்துக்கு 5/8 இன்ச்சில் 7 கிலோ, 0.7 இன்ச்சில் 9 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 3/4 இன்ச்சில் 10 கிலோ. சின்னச் சிலிண்டர் லேசாக இருக்கும், தூரம் போதாது. பெரியதில் தூரம் மிஞ்சும், பாதம் வலிக்கும். இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். 0.7 இன்ச் வாங்கினேன். 9 மி.மீ.க்கு மேல் பேரிங் போகாதபடி, பெடலுக்குக் கீழே ஒரு போல்ட்டும் நட்டும் வைத்துத் தடை அமைத்தேன். இந்தத் தடை இல்லாமல் மோதிரச் சிலிண்டர் வைக்கவே கூடாது. அவசரத்தில் ஓங்கி மிதிக்கிற கால் கணக்குப் பார்க்காது.

பொருத்தியது

மாஸ்டர் சிலிண்டர் உட்காரும் தகடு 1.2 மி.மீ. கனம்தான். பெடலை மிதித்துக்கொண்டு தகட்டின் மேல் டயல் கேஜ் வைத்தேன்: 1.5 மி.மீ. வளைந்தது! ராடில் 1.5 மி.மீ. போனால் கீழே பேரிங்கில் அரை மி.மீ.க்கு மேல் போய்விடும். பின்னால் 3 மி.மீ. எஃகுத் தகடு ஒன்று வைத்துச் சேர்த்து முடுக்கியதும் வளைவு 0.2 மி.மீ. ஆனது.

ஆயில் தொட்டியைப் பிரேக்கோடு சேர்க்காமல் தனியாக வைத்தேன். பெரிய கம்பெனி கார்களில் ஒரே தொட்டி இருக்கும்; ஆனால் அங்கே கிளட்சுக்குப் போகும் வாயை உயரத்தில் வைத்திருப்பார்கள், கிளட்ச் ஒழுகினாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்சும். நாமே ஒரு சாதாரணத் தொட்டியில் டி வடிவ இணைப்புப் போட்டுப் பிரித்தால் அந்தப் பாதுகாப்பு இருக்காது. பிரேக்கோடு இந்த விளையாட்டு வேண்டாம்.

குழாய் 4.75 மி.மீ. செம்பு–நிக்கல், எஞ்சின் ஆடுகிற இடத்தில் மட்டும் எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ். சாதாரண ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் வீங்கும், அது நமக்குத் தேவையான அந்த 5.4 மி.லி.யில்தான் கைவைக்கும். இன்னொன்று: மாஸ்டரின் வாய் 3/8 இன்ச் மரை, கீழ்ச் சிலிண்டரின் வாய் எம்10 மரை. 3/8 இன்ச் என்றால் 9.5 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 3/8 நட்டு எம்10 துளைக்குள் பாதிவரை கையாலேயே சுற்றிக்கொண்டு போகும். பிடித்தது போலவும் தோன்றும், அழுத்தம் வந்தால் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு நட்டையும் வெர்னியரில் அளந்த பிறகே கை வைத்தேன்.

ஆயில், டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில். உலர்ந்த நிலையில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் சேர்ந்த பிறகு 155 டிகிரி கொதிநிலை. டாட் 5 சிலிக்கான் வகை, இதோடு கலக்கக் கூடாது. கனிம எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாலும் பிரேக் ஆயிலுக்கான சீல் ஊதிப்போகும்.

முதல் கோளாறு

மோதிரச் சிலிண்டரை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதில்தான் முழு வேலையின் உயிர் இருக்கிறது. பேரிங்கைப் பின்னால் முழுதாக அமுக்கிவிட்டால், அதற்கும் விரல்களுக்கும் நடுவில் 5 மி.மீ. இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஏன் இந்த இடம்? பிளேட் தேயும்போது விரல்கள் கியர்பாக்ஸ் பக்கமாக, அதாவது பேரிங்கை நோக்கி வரும். பின்வாங்க இடம் இல்லையென்றால் பேரிங் விரல்களை அமுக்கியபடியே நின்றுவிடும், கிளட்ச் வழுக்கும். சரி, நிறைய இடம் விட்டால்? அப்போது பேரிங் ஓய்வில் இருக்கும்போதே வெகுதூரம் வெளியே வந்து நிற்கும். அதற்கு மேல் பெடலை மிதித்தால் பிஸ்டன் உறையின் விளிம்பைத் தாண்டும். என் சிலிண்டரின் மொத்த ஓட்டம் 20 மி.மீ.

அளந்தேன். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலில் கிளட்சை வைத்து, எஞ்சினின் பின்முகத்திலிருந்து விரல்கள் எவ்வளவு வெளியே நிற்கின்றன என்று எடுத்தேன். பெல் ஹவுசிங்கின் ஆழத்திலிருந்து அதைக் கழித்து, சிலிண்டரின் அமுங்கிய உயரத்தையும் கழித்தேன். மீதி 5.5 மி.மீ. தேவை 5. இடைவெளியைக் குறைக்கும் வளையமான ஸ்பேசரே வேண்டாம் என்று மனம் நிறைந்துபோய்ப் பூட்டினேன்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் மகள் பதினோராவது முறை பெடலை மிதித்தது.

எஞ்சினை வெளியே எடுத்துப் பிரித்தபோது சிலிண்டரின் சீல் உதடு மடங்கி, விளிம்புக்கு வெளியே வந்திருந்தது. பிளேட் ஆயிலில் நனைந்து கறுத்திருந்தது. பொருள் தரமில்லாததோ என்றுதான் முதலில் நினைத்தேன். இருந்தாலும், மறுபடி அளந்து பார்க்காமல் யாரையும் குறை சொல்லக் கூடாதே. கிளட்ச் இன்னும் ஃப்ளைவீலில் முடுக்கியபடியேதான் இருந்தது. நேர்கோல் வைத்து வெர்னியரில் ஆழம் எடுத்தேன். இடைவெளி 13.5 மி.மீ.

மூன்று முறை எடுத்தேன். 13.5. போன மாதம் எழுதிய தாளில் 5.5. பெல் ஹவுசிங் மாறவில்லை, சிலிண்டர் மாறவில்லை. வெர்னியரையே சந்தேகப்பட்டு வேறொன்றை இரவல் வாங்கி அளந்தேன். அதுவும் 13.5.

விடை கிடைத்தது கழற்றும்போதுதான். டயாஃப்ரம் உள்ள பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்தேன். கண்ணெதிரே விரல்கள் என்னை நோக்கி எழுந்து வந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம். எல்லாப் போல்ட்டும் தளர்ந்தபோது 8 மி.மீ. வெளியே வந்திருந்தன.

முதல்முறை அளந்தபோது போல்ட்டுகளைக் கையால் மட்டும் போட்டிருந்தேன். மரைப் பசை தடவி டார்க் ரெஞ்சில் முடுக்குவதை ஒரே தடவையில், கடைசியில் செய்யலாம் என்ற எண்ணம். டயாஃப்ரம் கிண்ணம் போல வளைந்த ஸ்பிரிங். கவரை முடுக்கும்போது அதன் வெளிவிளிம்பு கியர்பாக்ஸ் பக்கமாகத் தள்ளப்படும்; நடுவில் இருக்கும் விரல்கள் ஊஞ்சல் பலகையின் மறுமுனை போல ஃப்ளைவீல் பக்கமாகப் போகும். விளிம்பு 2 மி.மீ. நகர்ந்தால் விரல் அதைப் போல நான்கு மடங்கு நகரும். நான் அளந்தது முடுக்காத கிளட்ச். வண்டியில் இருந்தது முடுக்கிய கிளட்ச்.

அதை வைத்துப் பார்த்தால் மகள் சொன்னது அத்தனையும் விளங்கியது. ஓய்விலேயே பேரிங் 13.5 மி.மீ. வெளியே நின்றது. குழாயில் காற்று இருந்தவரை பெடல் காற்றைத்தான் அமுக்கியது, பேரிங் கொஞ்சமே நகர்ந்தது. காற்று போகப் போக பெடல் கெட்டியானது, பேரிங்கின் தூரமும் கூடியது. 13.5-உடன் 9 சேர்ந்தால் 22.5. ஓட்டமோ 20. காற்று முழுதாக வெளியேறிய அந்த மிதியில் சீல் வெளியே வந்துவிட்டது. வேலை சரியாக முடிந்த நொடியில்தான் உடைந்திருக்கிறது.

பக்கத்து ஊரில் கடைசல் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் 8.5 மி.மீ. அலுமினிய வளையம் ஒன்று கடைந்து வாங்கினேன். இரண்டு முகமும் இணையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பேரிங் சாய்ந்து ஒருபக்கமாக அமுக்கும், 0.02 மி.மீ.க்குள் செய்து தந்தார். அதை அடாப்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைத்து, அதே அளவு நீளம் கூடிய போல்ட்டுகள் போட்டேன். புதுச் சிலிண்டர், புதுப் பிளேட். ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் பிரேக் கிளீனரால் மூன்று தடவை துடைத்தேன். பிரேக் ஆயில் குடித்த பிளேட்டைச் சுட்டுக் காயவைத்துப் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எஞ்சினை மறுபடி இறக்கும் உழைப்புக்கு முன்னால் ஒரு பிளேட்டின் விலை ஒன்றுமே இல்லை.

இந்தத் தடவை கிளட்சை முழு டார்க்கில் முடுக்கிவிட்டு, சிலிண்டரையும் கியர்பாக்ஸில் போல்ட் போட்டுவிட்டு, அப்புறம் அளந்தேன். 5.0.

காற்றெடுப்பதையும் மாற்றினேன். மோதிரச் சிலிண்டருக்கு இரண்டு குழாய்கள், ஒன்று ஆயில் வர, இன்னொன்று காற்று போக. இரண்டும் பெல் ஹவுசிங்கைவிட்டு மேலே ஏறி வருவதால் வளைவின் உச்சியில் குமிழி சிக்கிக்கொள்ளும். மேலிருந்து தள்ளினால் அது கொஞ்சம் இறங்கி மறுபடி மேலேயே வந்துவிடும். காற்றுக்குப் பிடித்த திசை மேல்நோக்கி. அதனால் 100 மி.லி. ஊசிக்குழலில் ஆயில் எடுத்து, நிப்பிள் வழியாக மெதுவாக உள்ளே ஏற்றினேன். தொட்டியில் குமிழிகள் வந்து வெடித்தன. பத்து நிமிடத்தில் பெடல் கெட்டியானது. ஊசிக்குழலில் ஏற்றும்போது தொட்டி நிரம்பி வழியாமல் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். சொட்டு விழுந்தால் பெயின்ட் போய்விடும்.

ஃபோர்க் வந்துகொண்டிருந்த பழைய ஓட்டை இப்போது சும்மா இருந்தது. டார்ச் அடித்து அதன் வழியே மெல்லிய எஃகு ஸ்கேலைவிட்டு, பெடல் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் பேரிங் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். நகர்ந்த தூரம் 9 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. பின் சக்கரங்களைத் தூக்கி, கியர் போட்டு, பெடலை மிதித்தபடி சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றியது. ஓட்டையை ஒரு தகட்டால் மூடினேன்.

இரண்டாவது கோளாறு

வீட்டில் கட்டிய காரை இங்கே பதிவுசெய்ய ஒரு தனி வாகனச் சோதனையில் தேற வேண்டும்; 2009 முதல் உள்ள முறை. விளக்கு, பிரேக், புகை, கூர்மையான ஓரங்கள் என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். அது முடிந்து நம்பர் பலகையும் வந்தது. ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டங்கள், ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை ஏ46 சாலையில் வார்விக் பக்கம் போனோம். 25 நிமிடம் ஓட்டியிருப்பேன். ஒரு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் சுற்று கூடுகிறது, வேகம் கூடவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்து கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. வீடு வருவதற்குள் மறுபடி வழுக்கல்.

வயிறு கலங்கிவிட்டது. மறுபடி சீல் போய்ப் பிளேட்டில் ஆயில் பட்டுவிட்டதோ என்று அன்றிரவே ஓட்டையின் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே உலர்ந்து கிடந்தது. தொட்டியில் ஆயில் ஒரு இழைகூடக் குறையவில்லை. ஆயில் பட்ட பிளேட் என்றால் குளிர்ந்திருந்தாலும் வழுக்கும். சூட்டில் மட்டும் வழுக்கி, ஆறினால் சரியாகிறது என்றால் ஆயில்தான் எங்கேயோ அடைபட்டு வீங்குகிறது.

அடுத்த முறை சின்ன ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அதே சாலைக்குப் போனேன். வழுக்க ஆரம்பித்ததும் நிறுத்தி, நிப்பிளை ஒரு கணம் திறந்து மூடினேன். யாரும் பெடலைத் தொடவில்லை. ஆனாலும் ஆயில் சர்ரென்று பீய்ச்சியது. வழுக்கல் அந்த நொடியே நின்றது. சீல், பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் நன்றாக இருக்கின்றன, பெடலை விட்ட பிறகும் குழாயில் அழுத்தம் மிச்சமிருக்கிறது என்பது அந்தப் பீய்ச்சலிலேயே தெரிந்துபோயிற்று. எஞ்சினை இறக்காமலே செய்யக்கூடிய இந்தச் சோதனையை முதலில் செய்துவிட்டுத்தான் வேறெதிலும் கைவைக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரில், பிஸ்டன் ஓய்வில் இருக்கும்போது சீலுக்குச் சற்று முன்னால் ஊசி முனை அளவு ஒரு துளை தொட்டியைப் பார்த்துத் திறந்திருக்கும். ஆயில் சூடாகி விரிந்தால் மிச்சம் அதன் வழியே மேலே போய்விடும். பெடலை மிதித்தால் முதல் 1 மி.மீ.க்குள்ளேயே சீல் அந்தத் துளையைத் தாண்டி மூடிவிடும், அதன் பிறகுதான் அழுத்தம். பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராவிட்டால் துளை மூடியே இருக்கும். விரியும் ஆயிலுக்கு வேறு வழி இல்லை, பேரிங்கைத்தான் தள்ளும். 1 மி.லி. விரிந்தாலே பேரிங் 1.5 மி.மீ. நகரும். யாரோ கிளட்ச் மேல் கால் வைத்தபடி ஓட்டுவதற்குச் சமம். போதாக்குறைக்கு என் குழாய் எக்சாஸ்டிலிருந்து ஒரு கை தூரத்தில்தான் போனது.

பிஸ்டன் ஏன் திரும்பவில்லை? நான்தான் திரும்பவிடவில்லை. சோதனைக்குக் கொண்டுபோவதற்கு முந்தைய வாரம், பெடலின் ஆரம்பத்தில் 5 மி.மீ. சும்மா போகிறதே, அதை எடுத்துவிட்டால் கிளட்ச் சீக்கிரம் விடுபடுமே என்று புஷ் ராடை ஒன்றரைச் சுற்று நீட்டியிருந்தேன். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. பாதத்தில் 5 மி.மீ. என்றால் ராடில் 1 மி.மீ., நானே கணக்கில் எழுதிவைத்த அதே ஃப்ரீ ப்ளே. அதைத் தின்றுவிட்டு, அதற்கு மேல் அரை மி.மீ. பிஸ்டனையும் முன்னால் தள்ளி வைத்துவிட்டேன். அவ்வளவுதான், துளை மூடிக்கொண்டது. குறுகிய ஓட்டங்களில் ஆயில் சூடாகவில்லை, அதனால் தெரியவில்லை.

ராடைப் பழைய இடத்துக்குத் திருப்பி, செக் நட்டை இறுக்கினேன். பெடலை மேலே இழுத்து வைக்க ஒரு ஸ்பிரிங் சேர்த்தேன். பெடலின் சொந்த எடையே ராடை முன்னால் சாய்த்து அந்த 1 மி.மீ.யைத் தின்னலாம். குழாயை எக்சாஸ்டிலிருந்து விலக்கி, கண்ணாடி இழை உறை போட்டேன். பிறகு தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மகளை மெதுவாக மிதிக்கச் சொன்னேன். முதல் மிதியில் ஆயிலின் மேல்பரப்பில் சின்னதாக ஓர் அலை எழும்பியது. துளை திறந்திருந்தால் மட்டுமே அது தெரியும்.

"அப்பா, இப்போ ஆரம்பத்துல கொஞ்சம் லூசா இருக்கே?"

"அது அப்படித்தாம்மா இருக்கணும்."

இப்போது

அதன் பிறகு இரண்டு கோடைகளில் சுமார் 2,800 மைல் ஓடியிருக்கிறது. வழுக்கல் இல்லை, கியர் கத்தல் இல்லை. டாட் 4 ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது என்று வைத்திருக்கிறேன். முதல் மாற்றமும் ஊசிக்குழலில்தான் செய்தேன்.

அந்தப் பழைய ஃபோர்க் ஓட்டை, நான் எதிர்பாராத ஒரு வேலைக்கு உதவுகிறது. பிளேட் தேய்ந்தால் விரல்கள் பேரிங்கைப் பின்னால் தள்ளும். அப்படியானால் பெடலைத் தொடாமல் பேரிங் எங்கே நிற்கிறது என்று ஸ்கேல் விட்டுப் பார்த்தாலே பிளேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் தகட்டைக் கழற்றி அளந்து, அதன் உள்பக்கத்திலேயே பெயின்ட் பேனாவால் எழுதிவைக்கிறோம். முதல் வரி 5.0, என் கையெழுத்து. அடுத்த வரி 4.7. இந்த ஆண்டின் 4.4-ஐ எழுதியது மகள்.